பாட்டில் அறுக்கும் லைல்

லைல் வாண்டர்மார்க்கை எங்கள் தொழிற்சாலையில் பிரேதப் பரிசோதகர் என்றுதான் கூப்பிடுவார்கள். நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், பெரிய மின்சார சுவிட்சுகளுக்கான வெற்றிடப் பாட்டில்களை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். வெளியே பீங்கான் உடம்பு. உள்ளே காற்று கிடையாது. செம்பும் குரோமியமும் கலந்த இரண்டு வட்டுகள் எதிரெதிரே இருக்கும்; அதில் ஒன்று வெளியே நீளும் தண்டோடு சேர்ந்து அசையும். மின்சாரத்தைத் துண்டிக்க வட்டுகள் பிரியும்போதெல்லாம் நடுவே நெருப்பு எரிந்து, உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மூன்று மில்லிமீட்டர் தேய்ந்தால் பாட்டிலின் ஆயுசு முடிந்தது. திறந்து பார்த்தால் காற்று புகுந்து அப்போதே செத்துவிடும். ஆகவே வாடிக்கையாளர்கள் கழற்றி அனுப்பும் பாட்டில்களை அறுத்து, வட்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்ப்பது லைலின் வேலை. பக்கத்து மேசை என்னுடையது.

ஒஹாயோவில் ஓர் எஃகு ஆலையிலிருந்து வசந்தம் தவறாமல் பெட்டி வரும். அங்கே மின்பிரிவுத் தலைவி டோலரஸ் ஹுடாக். அந்தப் பாட்டில்களை அறுக்கும்போதெல்லாம் வீணாகிறதே என்று லைல் புலம்புவார். ஒரு நாள் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

"டோலரஸ், நீங்க அனுப்பினது பாதிகூடத் தேயல. உயிரோட இருக்கறத அறுக்கச் சொல்றீங்க."

"பனி உருகினா மாத்திடுவோம், லைல். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் செஞ்சாரு."

"தண்டுல ஒரு கோடு போட்டிருக்கோமே, அது அழகுக்கா? வட்டு தேயத் தேயக் கோடு உள்ள போகும். அது மறையற வரைக்கும் கை வைக்காதீங்க."

"யாராவது கேட்டா உங்க பேரச் சொல்லிக்கவா?"

"தாராளமா."

அன்றிலிருந்து, வருடாந்தர விற்பனையைக் கெடுத்துவிட்டார் என்று விற்பனைப் பிரிவு ஆட்கள் உணவுக்கூடத்தில் லைலைப் பார்த்தால் மேசை மாறி உட்கார்ந்தார்கள். அவர் அதைப் பதக்கம்போல் அணிந்துகொண்டார்.

டோலரஸ் கோட்டைப் பார்த்தே காலம் தள்ளினார். சிக்கனமானவர் என்று ஆலையில் பாராட்டு வாங்கினார். இரண்டு வசந்தங்கள் நன்றாகப் போயின. அதற்கடுத்த பிப்ரவரியில், உலை நிறைய எஃகு கொதித்துக்கொண்டிருந்தபோது மின்சாரத்தைத் துண்டிக்க சுவிட்ச் திறந்தது. ஒரு பாட்டிலில் மட்டும் நெருப்பு அணையவில்லை. பாட்டில் வெடித்து, அதற்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்சும் தானாகத் துண்டித்துக்கொண்டு, பாதி ஆலை இருண்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் மாற்றுப் பாட்டில் கையிருப்பில் இல்லை. வருடாவருடம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அலமாரியில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். புதியது வந்து சேர்வதற்குள் எஃகு உலையிலேயே உறைந்து பாறையாகிவிட்டது.

வெடித்த பாட்டிலின் மிச்சம் எங்களிடம் வந்தது. ஆய்வகமே சுற்றி நிற்க, லைல் அறுத்தார். வெடிப்பில் கருகியிருந்தாலும் வட்டுகளில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. பிறகுதான் தண்டைச் சுற்றியிருந்த மடிப்புக் குழலைப் பார்த்தார். மெல்லிய எஃகுக் குழல். சுவிட்ச் அசையும்போதெல்லாம் நீண்டு சுருங்கும். அதில் மயிரிழைபோல ஒரு விரிசல். காற்று அந்த வழியாகத்தான் புகுந்திருக்கிறது. உலை சுவிட்ச் நாள் முழுவதும் திறந்து மூடுவது. அங்கே வட்டு தேய்வதற்கு வெகுமுன்பே குழல் களைத்துவிடும். எங்கள் கையேட்டிலேயே அது இருந்தது, லைல் எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். ஆனால் மடிப்புக் குழல் வேறு பிரிவு.

அவர் அனுப்பிய அறிக்கையின் முதல் வரி, வட்டுகள் மிகச் சிறந்த நிலையில் உள்ளன என்பது. டோலரஸ் உடனே கூப்பிட்டார்.

"செத்தவனுக்குப் பல்லு முத்து மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, லைல்."

லைல், "நான் நேர்ல வர்றேன்" என்றார்.

பனியில் அவருடைய வண்டியில் நானும் போனேன். உலைக்காரர்கள் முன் நின்று, "நான் சொன்னது தப்பு. வட்ட மட்டுந்தான் பாத்தேன்" என்றார்.

"அப்ப பாட்டிலோட மிச்சத்த யாரு பாக்கறது?" என்றான் ஒருவன்.

"அடுத்த தடவ மிச்சத்தப் பாக்கத் தெரிஞ்ச ஆளையும் சேத்து அனுப்பச் சொல்லு" என்றான் இன்னொருவன்.

டோலரஸ் திட்டவேயில்லை. தேவாலயத்தில் வாங்கிவந்த, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரியான பியரோகியை ஒரு காகிதத் தட்டில் வைத்து, "ஆறிடும், சாப்பிடுங்க" என்றார். திட்டியிருந்தால் லைலுக்கு அது சுலபமாக இறங்கியிருக்கும்.

திரும்பி வந்த மறுநாள் நடைக்கு எதிர்ப்புறமிருந்த மடிப்புக் குழல் பிரிவின் கதவைத் தட்டினார். அங்கே தலைவி இமோஜீன் டப்ஸ். "லைல், நீங்களா? கழிவறை அந்தப் பக்கம்" என்றாள். இத்தனை வருடங்களில் அவர் அந்த அறைக்குள் காலடி வைத்ததில்லை. உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன்பிறகு டோலரஸ் கோட்டையும் பார்த்தார், சுவிட்ச் எத்தனை தடவை அசைந்தது என்பதையும் பார்த்தார்; எது முந்துகிறதோ அதன்படி மாற்றினார்.

விற்பனைப் பிரிவு சும்மா இருக்கவில்லை. இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லி, கோடு மறையும்வரை காத்திருக்காதீர்கள் என்று எல்லா உலைக்காரர்களையும் பயமுறுத்தினார்கள். பாட்டில் விற்பனை அதுவரை காணாத அளவுக்கு ஏறியது. ஆண்டு விருந்தில், வாடிக்கையாளர் நலன் காத்ததற்காக லைலுக்கு ஒரு பித்தளைப் பலகை கொடுத்து, எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போனதும் மனைவி மார்ஜீன் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்கு இது?"

"தப்பாச் சொன்னதுக்கு."

"முப்பது வருஷமா அதத்தான செஞ்சிட்டிருக்க. இப்பத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுதா?"