ஆடியில் பிரிக்காத பெட்டி

அக்கா வீட்டுச் சாமி மாடத்தில் படங்களுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. செங்கல்லைவிடச் சிறியது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள் வாங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் படங்களுக்குப் பொட்டு வைக்கும் அக்கா, தன் நெற்றிக்கு வைக்காத குங்குமத்தை அந்தப் பெட்டிக்கும் வைப்பாள். பொட்டின்மேல் பொட்டாக ஏறி அந்த இடம் தடித்து, ஆறின புண்ணைப் போல ஆகிவிட்டிருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே இருந்தது காருக்குப் போடும் பிரேக் பேடு.

வாங்கி வந்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். சேந்தமங்கலம் பக்கம் சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். பெண் பார்க்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சீர் சாமான் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் அவர் வண்டிதான். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்போதிருந்தே பயந்த ஆள். கேஸை மூடினேனா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பேன். ரோட்டில் ஆம்புலன்ஸ் போனால் வீட்டுக்குப் போன் போடுவேன். மச்சானுக்கு இதெல்லாம் வேடிக்கை.

பெட்டி வாங்கிய அந்த வருடம் ஆடி பிறந்த சமயத்தில் அவர் காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பிரேக்கில் கால் வைத்தால் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய கீச்சு, சிலேட்டில் ஆணியால் கீறுவது போல. காலை எடுத்தால் நின்றுவிடும். பேடு தேய்ந்து போனால் அதிலுள்ள சிறு தகரம் சக்கரத்தட்டில் உரசி அப்படிக் கத்தும். கத்தட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். என் காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானிடம் சொன்னேன்.

“உன்னைய ஏத்திக்கிட்டா பிரேக்கே வேண்டாம் மாப்ள. நீ கத்துற கத்துக்கு வண்டி தானா நின்னுக்கும்” என்று சிரித்தார்.

ஆனால் அவர் அசட்டையான ஆள் இல்லை. பின்னால் ஊரில் பலவிதமாகப் பேசியதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை சேலம் போனபோதே புதுப் பேடு வாங்கி வந்துவிட்டார். பெட்டியை அக்கா கையில் கொடுத்தார். அவள் பொட்டு வைத்து மாடத்தில் வைத்தாள். டயரோ பேட்டரியோ, வண்டிக்கு எது வாங்கினாலும் அந்த வீட்டில் சாமி முன்னால் இருந்துவிட்டுத்தான் மெக்கானிக்கிடம் போகும். நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார் மச்சான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆடியில புதுசா எதும் வண்டியில ஏத்த வேண்டாமுங்க. பதினெட்டாம் பெருக்கன்னிக்குப் பூச போட்டு மாட்டிக்கலாம். இன்னம் நாலஞ்சு நாளுதானுங்களே” என்றாள் அக்கா.

“அதுஞ் செரிதான்” என்றார் மச்சான். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. சமவெளி ரோட்டிலேயே ஓட்டியிருந்தால் அந்த நாலைந்து நாளும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கும்.

பெருக்கன்று கொல்லிமலையில் கூட்டம் நெரியும், அதற்கு முன்னாலேயே சாமி கும்பிட்டு வந்துவிடலாம் என்று ஒரு குடும்பம் கூப்பிட்டது. மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை கிடையாது. இறங்கும்போதுதான் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் கால் அதன் மேலேயே இருக்கும். வண்டியில் இருந்த ஒரு அம்மா, கையில் மாவுக்கட்டோடு துக்கம் விசாரிக்க வந்தவர், என்னிடம் சொன்னார். முதலில் கீச்சு கீச்சென்றதாம். அப்புறம் இரும்பை இரும்பு அரைக்கிற மாதிரி வந்ததாம். அப்புறம் ஒன்றுமே இல்லை. “சத்தம் நின்னதும் எங்களுக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. அவுரு மட்டும் மிதிச்சுக்கிட்டே இருந்தாருங்க.” இடது பக்கம் பள்ளம். மச்சான் வண்டியை வலது பக்கம், தான் உட்கார்ந்திருந்த பக்கம், பாறையில் கொண்டுபோய்ச் சாய்த்தார். ஏறி வந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அதன்பிறகு அந்தப் பெட்டியை யாரும் நகர்த்தவில்லை. அக்கா காரில் ஏறுவதை விட்டுவிட்டாள். எங்கே போனாலும் பஸ்தான். அன்றைக்கு அவள் சொன்னது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எத்தனையோ ஆடி வந்து போயும் நாங்கள் அதைப் பேச்சில் எடுத்ததில்லை. எந்த வீட்டுக் கேட் கீச்சிட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன். அக்காவும் திரும்புவாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்துகொள்வோம்.

இந்த ஆடியில், அக்கா மகளுடைய குழந்தைக்கு அதே மலைக் கோயிலில் முடி இறக்குவதாக வேண்டுதல். பெருக்கன்று நாள் குறித்துவிட்டார்கள். என் பழைய காரில்தான் போக வேண்டும். காரைக் காட்டிவிட்டு வரலாம் என்று நான் மெக்கானிக்கிடம் கிளம்பியபோது, அக்காவும் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். வழி முழுக்க முன்சீட்டின் முதுகைப் பிடித்தபடியே வந்தாள்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏனுங்ண்ணா, பேடு மாத்தோணுமான்னு போன தடவையும் கேட்டீங்கொ. சத்தமே வரலீங்களே. மலைக்குப் போயிட்டு வந்தே மாத்திக்கலாமுங்க. எப்படியும் ஆடியில யாரும் புதுசு மாட்ட மாட்டாங்கொ.”

மாட்டச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் ஆடியைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், பின்னால் நிற்கிறவளைப் பார்த்துக் குற்றம் சொன்னதாக ஆகிவிடும். மெக்கானிக் சக்கரத்தைத் திரும்ப மாட்ட எடுத்தார்.

“நாந்தானுங்க வேண்டாம்னு சொன்னேன்” என்றாள் அக்கா. மெக்கானிக் நிமிர்ந்தார். “அவுரு நாளைக்கே மாட்டலாம்னாரு. பதினெட்டுக்கு மாட்டிக்கலாம்னு நாந்தான் சொன்னேன்.” குரல் சாதாரணமாக, கடையில் சாமான் கேட்பது போல இருந்தது. “சத்தம் வர்ற வரைக்கும் இருக்க வேண்டாம் சாமி. இப்பவே மாட்டுங்க.”

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். முடியும்வரை அக்கா உட்காராமல் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

வீடு வந்ததும் மாடத்திலிருந்து பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். “பிரி தம்பி.” பொட்டு இருந்த இடத்தில் கண்ணாடித்தாள் பிய்ந்துதான் வந்தது. உள்ளே நாலு பேடு, கடையில் இருந்த மாதிரியே புதுசாக. அக்கா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருடமும் பெட்டிக்குள்ளே எவ்வளவு பெரிதாக எதை நினைத்துப் பொட்டு வைத்தாளோ, எனக்குத் தெரியாது.

“இத்தினியூண்டுதானா சாமி?” என்றாள்.

வெளியே திருப்பத்தில் டவுன் பஸ் ஒன்று கீச்சென்று பிரேக் போட்டது. இருவரும் திரும்பினோம். இந்தத் தடவை அவள் என் முகத்தைப் பார்த்தாள். சத்தம் நின்ற பிறகும் பேடைக் கீழே வைக்கவில்லை.