அக்கா தொடாத பிள்ளை

கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் நான் கீறிய அந்தப் படம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. முறுக்கிய இரண்டு கயிறுகள், அவற்றின்மேல் அங்கங்கே பொட்டுகள். போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில், உளவளத்துணை என்ற மனநல ஆலோசனைக்காக வெள்ளாங்குளத்துப் பக்கம் கொட்டில் கொட்டிலாகப் போய்வந்தேன். கொழும்பில் ஒரு வாரப் பயிற்சி முடித்த புதிது. உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த அக்கா, முகாமில் பெற்ற ஐந்து மாதக் குழந்தையோடு ஊர் திரும்பியவர். கூரைத் தகரம் காற்றில் அடித்தாலே குழந்தையை அணைத்தபடி நிலத்தில் படுத்துவிடுவார். "சண்டை முடிஞ்சும் ஏன் எனக்கு இந்தப் பயம் போகுதில்லை?" என்று கேட்டார். உடனே அட்டையை எடுத்துவிட்டேன். கயிறு டிஎன்ஏ, பொட்டுகள் மெதைல் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகள். அவை ஒட்டினால் பரம்பரையலகு, அதாவது மரபணு, மாறாது, ஆனால் வாயடைத்துப்போகும். மூளையில் பதற்றத்தைத் தணிக்க உதவும் அலகைக்கூட நீண்டநாள் பயம் இப்படி அடக்கிவிடலாம் என்றேன். தாயின் பயம் பிள்ளையிலும் பொட்டு வைக்கக்கூடும் என்று, அவர் கேளாததையும் சொன்னேன். அக்கா அட்டையை வாங்கிக் கவனமாக மடித்து வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மழை வந்து பாதை மூடியது. மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பப் போனேன். குழந்தை மச்சாளின் இடுப்பில் இருந்தது. அக்கா முற்றத்தின் மறுகரையில் தள்ளி நின்றார்.

"பிள்ளையை நான் இப்ப தொடுறேல்லை, தங்கச்சி. மச்சாள்தான் பாக்கிறா, மாப்பால்தான் கரைச்சுக் குடுக்கிறம். என்ர பயம் அவளில ஒட்டக்கூடாது. நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே பயிற்சியில் எலிகளைப் பற்றியும் படித்திருந்தேன். தாய் நக்கி நக்கி வளர்த்த குட்டிகளின் மூளையில் அந்த அலகின்மேல் பொட்டுகள் குறைவாம், அவை அவ்வளவு பதறுவதுமில்லையாம். மனிதரில் எவ்வளவு என்று உறுதியில்லை. ஆனாலும் அந்தப் பாதியைச் சொல்லாமல், படம் கீறிய அன்று பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடிவிட்டேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அந்த அரைகூட இல்லை. இத்தனை வருடம் கழித்து, இப்போது புதியவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். எலியிலிருந்துதான் தொடங்குவேன்.

"அக்கா, நான் அரைகுறையாச் சொல்லிப்போட்டன். பிள்ளையைத் தூக்குங்கோ. நீங்கள் தூக்கினால்தான் அவளுக்கு நல்லது" என்றேன் அன்று அந்த முற்றத்தில் நின்று.

முழுதாகச் சொல்லி முடிக்க விடவில்லை. அக்கா ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு மச்சாளின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு வீறிட்டது.

அக்கா நீட்டிய கையை மடக்கவே இல்லை.

"அவளுக்கு இப்ப என்னிலதான் பயம், தங்கச்சி" என்றார்.