விஜயதசமியன்று போட்ட பிள்ளையார் சுழி

என் மதினியைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பொறுமை மாட்டுக்கும்தான் இருக்கிறது. அவருக்கு இருந்தது பிடிவாதம். ஒரு பொருள் ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளாமல் அதைச் சரிசெய்ய யாரையும் விடமாட்டார். அப்படிப்பட்ட ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் மனதார மதித்த ஆட்கள் குறைவு, அதில் முதல் ஆள் அவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. செல்லூரில் குடியிருந்தோம். அண்ணன் விசைத்தறிப் பட்டறையில் மெக்கானிக். அவர் மனைவிதான் மதினி, கணக்கில் பட்டம் வாங்கியவர். நான் டைப்ரைட்டிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து மதினியும் நானும் ஜாப் டைப்பிங் ஆரம்பித்தோம். பக்கத்துச் சந்தில் தறி ஓடும்போது மானிட்டர் மெல்ல நடுங்கும். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். எங்களுக்குத் தறி நின்றால்தான் ஒரு மாதிரியாக இருக்கும்.

பள்ளிக்கூட வினாத்தாள், வக்கீல் நோட்டீஸ், கல்லூரி ஆய்வேடு என்று வேலை வந்தது. ஆளுக்கு ஒரு ஃப்ளாப்பி; அடித்த கோப்பு அதில்தான் இருக்கும். எல்லாம் எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். தேவைப்படும்போது வந்து வாங்கிப் போவார்கள், திருத்தம் இருந்தால் திரும்பக் கொண்டுவருவார்கள்.

அப்படி வந்தவள்தான் சமயநல்லூர்ப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கண்மாய்ப் பாசனத்தைப் பற்றி எம்.ஃபில். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. நாங்கள் அடித்துக் கொடுக்கும் அத்தியாயத்தை அவர் தன் வீட்டில் அதே ஃப்ளாப்பியில் திறந்து, திருத்தங்களைத் தானே அடித்துச் சேமித்துக் கொடுப்பார். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அவர் திருத்திய ஃப்ளாப்பியைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றே அதைத் திறந்து திருத்தங்களைப் பார்த்துக்கொண்டோம். மாதக் கடைசிக்குள் அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும்.

ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். டப்பாவுக்கு ஒரு முழம் கதம்பம். மறுநாள் விஜயதசமி. செல்லூரில் தறி வைத்திருப்பவர்கள் அன்று எல்லாத் தறியையும் கொஞ்ச நேரமாவது ஓட்டி நிறுத்துவார்கள். ஒரு தறியை ஓட்டி இன்னொன்றைச் சும்மா விட்டால் அந்தத் தறிக்கு வருடம் முழுக்க வேலை வராது என்பார்கள். மதினிக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தோம். டப்பாவில் இருந்த ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் போட்டு, கோப்பைத் திறந்து, முதல் வரியில் ‘உ’ என்று பிள்ளையார் சுழி அடித்து, சேமித்து, மூடி வைத்தோம். ஒருத்தரையும் விடவில்லை. பிரிண்ட் எடுக்கும்போது அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

அடுத்தடுத்த நாட்களில் சிலர் வந்து அவரவர் ஃப்ளாப்பியை வாங்கிப் போனார்கள். அந்தப் பெண்ணும் வாங்கிக்கொண்டு போய், கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொல்லிப் பேராசிரியரிடம் கொடுத்தாள்.

அந்த வாரமே, நாங்கள் டைப் அடிக்கும் வேர்டு மென்பொருள் கெட்டது. ஐகானைத் தட்டினால் திறக்கும், உடனே ஆங்கிலத்தில் ஒரு பிழைப் பெட்டி வரும், ஓகே அழுத்தினால் எல்லாம் மூடிக்கொள்ளும். மறுபடி தட்டினாலும் அதே கதை. அரைப் பரீட்சை வினாத்தாள்கள் குவிந்து கிடந்தன. நான் மேசையைத் தட்டினேன், சி.பி.யு.வைக்கூட ஒருமுறை உதைத்தேன். கம்ப்யூட்டர் விற்ற கடையிலிருந்து ஒரு ஆள் வந்தார். உட்காருவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஃபார்மட் போட்டுருவோம்க்கா. எல்லாம் புதுசாயிரும்.”

“எதுனால வந்துச்சு?” என்று மதினி கேட்டார்.

“வைரஸ்க்கா.”

“எங்க இருந்து?”

“ஏதாச்சும் ஃப்ளாப்பில வந்திருக்கும்.”

“எந்த ஃப்ளாப்பில?”

“அது யாருக்குக்கா தெரியும்? ஃபார்மட் போட்டா எல்லாமே போயிரும்ல.”

“நான் அடிச்சு வச்சிருக்கதும் போயிரும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துற ஆளா இருக்கீங்களே தம்பி. டீயக் குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

அவர் போனதும் நான் கத்தினேன். “இருந்த ஒரு ஆளையும் வெரட்டிட்டீங்க மதினி. இப்ப யாரு பாக்குறது?”

“நான்தான். நீ பக்கத்துல நின்னு மூச்சு விடாத, அது போதும்.”

அவருக்கு இது முன்னமே தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றும் தெரியாது. பழைய புத்தகக் கடைக்குப் போய், கட்டிப் போட்டிருந்த ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைக் கிளறி, உருப்படியாக நாலைந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். தப்புத் தப்பாகவும் செய்தார். ஒருமுறை எங்கள் தமிழ் எழுத்துக்கள் எல்லாம் காணாமல் போய், திரை முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டியது. நான் சிரித்தேன். “சிரிச்சு முடிச்சிட்டீன்னா அந்த சி.டி.ய எடுத்துக் குடு” என்றார்.

கடைசியில் ஒரு விஷயம் பிடிபட்டது. வேர்டு திறக்கும்போது ‘நார்மல்’ என்ற அடிப்படைக் கோப்பு ஒன்றைப் படித்துவிட்டுத்தான் திறக்குமாம். அதற்கு வேறு பெயர் வைத்து ஒளித்துவிட்டால், வேர்டு தானாகவே புதிதாக ஒன்று செய்துகொள்ளுமாம். மதினி பெயரை மாற்றினார். வேர்டு சமர்த்தாகத் திறந்தது. நான் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை, வினாத்தாள் ஃப்ளாப்பியைப் போட்டுக் கோப்பைத் திறந்தேன். வேலையை முடித்து மூடினேன். மறுபடி தட்டினால் அதே பிழைப் பெட்டி.

நான் தலையில் கை வைத்தேன். மதினி முகத்தில் சந்தோஷம்.

“கல்லு பானையில இல்லத்தா. அரிசியில இருக்கு.”

கோப்புக்குள்ளேயே மாக்ரோ என்று சின்னச் சின்னக் கட்டளைகளை வைக்கலாம். கோப்பைத் திறந்தால் அவையும் ஓடும். இந்த வைரஸ் அப்படி ஒரு மாக்ரோ. குறிப்பிட்ட ஒரு தேதி வரும்வரை சும்மா இருந்துவிட்டு, அதன் பிறகுதான் வேலையைக் காட்டும். கெட்ட கோப்பைத் திறந்தால் அது நார்மலுக்குள் போய் உட்காரும். அதன் பிறகு நாம் எந்தக் கோப்பைத் திறந்து சேமித்தாலும் அதற்குள்ளும் ஏறிவிடும். மதினி நார்மலை மறுபடி மாற்றிவிட்டு, மாக்ரோ இருக்கும் கோப்பைத் திறந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும்படி வேர்டில் ஒரு வசதியைப் போட்டார். பிறகு டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகச் செருகினார். முதல் ஃப்ளாப்பிக்கு எச்சரிக்கை வந்தது. அடுத்ததற்கும் வந்தது. வக்கீல் ஃப்ளாப்பி, பள்ளிக்கூட ஃப்ளாப்பி, ஒன்றுகூடத் தப்பவில்லை. மாதக்கணக்காக யாரும் தொடாத ஃப்ளாப்பியிலும் இருந்தது.

“இத எப்ப தொட்டோம்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கோப்பின் முதல் வரியைப் பார்த்தார். ‘உ’ என்று இருந்தது.

“நல்ல நேரம் பாத்து, நம்ம கையாலயே ஏத்தி விட்டிருக்கோம்” என்றார்.

டப்பாவில் இருந்ததைச் சுத்தம் செய்வது பெரிய விஷயம் இல்லை. மாக்ரோவை ஓடவிடாமல் திறந்து, மாக்ரோவைச் சுமக்க முடியாத வேறு வடிவத்தில் சேமித்து, பழையதை அழித்தார். பிரச்சினை, வெளியே போன ஃப்ளாப்பிகள். அவை அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்றார் மதினி. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாமளே தமுக்கு அடிக்கணுமாக்கும்? எவனுக்குத் தெரியப் போகுது?”

“நாளைக்கு அந்தப் பிள்ளையோட தீசிஸ் திறக்கலன்னா நீங்க போயி உக்காந்து எழுதிக் குடுப்பீங்களா?”

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

நாங்கள் போகும் முன்பே அந்தப் பெண் வந்து நின்றாள்.

“அக்கா, சார் வீட்டுல வேர்டு திறக்க மாட்டேங்குதாம். என் ஃப்ளாப்பியப் போட்ட பொறகுதான் இப்பிடி ஆச்சுங்கிறாரு. மொத வரில என்னமோ ‘சி’ன்னு வேற இருக்காம். கண்ட எடத்துல டைப் பண்ணிட்டு வந்து என் கம்ப்யூட்டரக் கெடுத்துட்ட, இது சரியாகாம கையெழுத்து இல்லன்னுட்டாரு.”

எங்கள் தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பிள்ளையார் சுழி ஆங்கில ‘சி’யாகத்தான் தெரியும். மதினி அவளிடம் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. செருப்பை மாட்டினார். “வா, போவோம்” என்றார். நானும் கிளம்பினேன்.

பேராசிரியர் வீடு அழகர்கோவில் ரோட்டில் இருந்தது. கதவைத் திறந்தவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மதினி கேட்காமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நார்மலை மாற்றினார், எச்சரிக்கையைப் போட்டார், பேராசிரியருடைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பு, யாரோ உறவினருக்கு எழுதிய கடிதம். கடைசியாகச் சேமித்த தேதி ஆகஸ்ட் கடைசி, அதாவது ஆவணி மாதம். அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை. அதிலும் அதே மாக்ரோ.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆவணியிலேயே இந்த வீட்டில் வைரஸ் இருந்திருக்கிறது. இவர் திருத்தம் அடித்த ஃப்ளாப்பி வழியாகத்தான் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நாங்கள் பரப்பியது உண்மை. கொடுத்தது இவர். நான் வாயைத் திறந்தேன். மதினி என் கால் மேல் தன் காலை வைத்து அழுத்தினார். சும்மா இல்லை, எலும்பு வலிக்கிற மாதிரி.

பிறகு அவரே பேராசிரியரிடம் சொன்னார். “எங்க வீட்டுல எல்லா ஃப்ளாப்பியும் கெட்டுப் போயிருந்துச்சு சார். இந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல.”

“அப்போ உங்களாலதான் இவ்வளவும்.”

மதினி மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வேர்டைத் திறந்து காட்டி, ஆய்வேட்டையும் திறந்து காட்டினார். ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. முதல் வரியில் இருந்த ‘சி’யை மட்டும் அழித்தார். பேராசிரியர் அந்தப் பெண்ணைப் பார்த்து, “இனிமே இவங்ககிட்ட குடுக்காத. ஃபைனல் பிரிண்ட வேற நல்ல எடத்துல எடு. கையெழுத்துப் போடுறேன்” என்றார்.

அந்தப் பெண் அவள் ஊர் பஸ்ஸில் ஏறியதும், பஸ் ஸ்டாப்பிலேயே மதினியோடு சண்டை போட்டேன். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போச்சா? ஆவணி மாசத் தேதி போட்டிருந்துச்சுல்ல?”

“பாத்தேன்.”

“பொறகு ஏன் வாய மூடிக்கிட்டு வந்தீங்க? எம்புட்டுத் திமிரா பேசுறாரு.”

“அவர் வீட்டுல வச்சு, அந்தப் பிள்ளை முன்னாடி, உங்களாலதான் சார்னு சொன்னா அவர் கோவத்த யாரு மேல காட்டுவாரு? உம் மேலயா, எம் மேலயா?”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் வந்ததும் ஏறி, வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மற்ற வாடிக்கையாளர்களிடமும் போய்ச் சொன்னார். வக்கீல் ஆபீசில் நன்றாகத் திட்டு விழுந்தது, அதோடு அந்த வேலையும் போனது. பள்ளிக்கூடத்தில், சொன்னதற்கு நன்றி என்று சொல்லி, இன்னொரு வகுப்பின் வினாத்தாளையும் கொடுத்தார்கள். எது எப்படி நடக்கும் என்று தெரியாமல்தான் ஒவ்வொரு படியாக ஏறினார். வீட்டுக்கு வந்ததும் எதையும் விவரிக்க மாட்டார். “திட்டுனாங்க” அல்லது “திட்டல”, அவ்வளவுதான்.

அந்தப் பெண் மாதக் கடைசிக்குள் சமர்ப்பித்துவிட்டாள். டவுனில் வேறு கடையில் பிரிண்ட் எடுத்தாள். வாய்மொழித் தேர்வும் முடிந்து, தேர்ச்சி பெற்றதைச் சொல்ல ஒரு நாள் வந்தாள். மதினி சீனியை எடுத்து அவள் வாயில் போட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். எனக்கு இன்னும் அந்த ஆளின் குரல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச காலம் கழித்து பேராசிரியரே போன் செய்தார். நான்தான் எடுத்தேன். வேர்டு மறுபடி திறக்கவில்லையாம். கடை ஆள் வந்து ஃபார்மட் போட வேண்டும் என்கிறானாம். அன்றைக்கு வந்த அம்மா வர முடியுமா என்று கேட்டார். வேறு நல்ல இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. மதினி ரிசீவரைப் பிடுங்கி, “வாரேன் சார்” என்றார்.

பஸ்ஸில் என்னிடம், “நீ இன்னைக்கு என்ன வேணாலும் பேசிக்க. கால மிதிக்க மாட்டேன்” என்றார்.

“நான் எதுக்குப் பேசணும்? நீங்க பேசுங்க.”

“பேசத்தான் போறேன்.”

பேராசிரியர் தன்னுடைய பழைய ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டிருக்கிறார், அதிலிருந்து மறுபடி ஏறியிருக்கிறது. எச்சரிக்கைப் பெட்டி வந்தபோது படிக்காமலே ஓகே கொடுத்திருக்கிறார். மதினி எல்லாவற்றையும் சரிசெய்தார். பிறகு அந்த ஃப்ளாப்பியில் இருந்த கோப்பின் தேதியைத் திரையில் காட்டி, நாற்காலியைத் திருப்பினார்.

“இந்தத் தேதியப் பாருங்க சார். ஆவணி. நீங்க அந்தப் பிள்ளைக்குத் திருத்திக் குடுத்ததுக்கு முந்தி. எங்க வீட்டுக்கு இது உங்க வீட்டுல இருந்துதான் வந்துச்சு. ஊருக்குப் பரப்புனது நாங்க.”

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“அன்னைக்கு அவ பேப்பர்ல உங்க கையெழுத்து இல்ல சார்.”

அவர் கத்துவார் என்று நினைத்து, பதிலுக்குக் கத்த நான் தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. எழுந்து போய் அலமாரியின் கீழ் டிராயரை இழுத்துக்கொண்டு வந்தார். டிராயர் முழுக்க ஃப்ளாப்பிகள். அப்படியே மேசை மேல் கவிழ்த்தார்.

“இதெல்லாத்தையும் பாத்துக் குடுத்துருங்க. அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசுறேன்” என்றார். உள்ளே திரும்பிக் காப்பி போடச் சொன்னார்.

மதினி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குவியலிலிருந்து முதல் ஃப்ளாப்பியை எடுத்தார்.