துண்டு போட்ட சீட்

நான் அதிகம் பேசாதவன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். தினமும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். ரயில் புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஏறிவிடும் நண்பர்கள், துண்டு போட்டு எனக்கும் சீட் பிடித்து வைப்பார்கள்.

மகள் எனக்கு மாதாமாதம் பில் வரும் போஸ்ட்பெய்டு சிம் வாங்கித் தந்தாள். "அண்ணா, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்க" என்றார் அந்த நண்பர்களில் ஒருவரான சம்பத். போட்டேன். பிறகு தினமும் என் நெட்டில்தான் எல்லோரும் படம் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த மாத பில் பல மடங்கு வந்தது. அளவு தாண்டினால் தனிக் கட்டணம் என்பது எனக்குத் தெரியாது. இனி நெட் தர முடியாது என்று சொன்னால் சீட் பிடிக்கமாட்டார்களோ என்று பயம். சொல்லாமல் கடைசிப் பெட்டியில் ஏறி, நின்றுகொண்டே போய்வந்தேன்.

ஒருநாள் பங்காருபேட்டையில் ரயில் நின்றபோது சம்பத் தேடி வந்துவிட்டார்.

"இன்னாண்ணா, எங்க மேல கோவமா?"

பில்லைக் காட்டினேன்.

"அட, வாயத் தெறந்து சொல்றதுக்கு இன்னா? இனிமே நானே கேட்டாலும் இல்லன்னு சொல்லுங்க."

உடனே கஸ்டமர் கேருக்குப் பேசி, அளவு முடிந்தால் நெட் தானாக நின்றுவிடும்படி செய்தார். பிறகு என் கையைப் பிடித்துப் பழைய பெட்டிக்கு இழுத்துப் போனார்.

ஜன்னலோர சீட்டில் துண்டு கிடந்தது.

"தெனமும் இதப் போட்டுட்டு ஜனங்ககிட்ட திட்டு வாங்குறோம். மொதல்ல ஒக்காருங்க" என்றார்கள்.

அந்தத் துண்டை மடித்துக் கொடுக்கும்போது என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.