போய் வந்த கேசட்

போன ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குச் செருப்பு வாங்கப் போனேன். வாங்கவில்லை. பழைய சார்ஜர், ரிமோட், கைக்கடிகாரம் எல்லாம் கோணியில் பரப்பியிருந்த ஒருவரின் கடையில் நின்றுவிட்டேன். நடுவில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்தப் பெட்டியை இப்போது பார்ப்பதே அபூர்வம்.

"ஓடுதுண்ணே. உள்ள கேசட்டும் கெடக்குது. எதனா பேசுங்க, ரெகார்டு ஆவுதான்னு பாத்துடலாம்" என்று கடைக்காரர் சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கினார்.

சுற்றி நாலு பேர் நின்றார்கள். எனக்கு மனிதர்களிடமே பேச்சு வராது.

அந்தப் பெட்டியிலிருந்து பேட்டரி கசிந்த வாசம் வந்தது. ரேடியோ என்றால் எனக்கு முதலில் வாசம்தான். அப்பா இருந்தபோது சாரம் பகுதியில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. போட்டவுடன் பேசாது. உள்ளே சூடேறி, தூசி கருகும் வாசம் வந்த பிறகுதான் பேசும். நானும் அந்த ரகம் என்று அண்ணன் சொல்வான். "இவன் சூடேர்றதுக்குள்ள வந்தவங்க காபி குடிச்சிட்டுப் பூடுவாங்க."

அவன் நேர்மாறு. டிரான்சிஸ்டர் மாதிரி. திருகினால் போதும்.

அண்ணனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் அமைந்தது. கல்யாணம் முடிந்து பிரான்சுக்குப் போனான். ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. முதல் தடவை ஊருக்கு வந்தபோது ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாவதோடு நின்றவன். நலம், நலமறிய ஆவலுக்கு மேல் என் கடிதம் நகராது. ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனால் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தே அம்மாவுக்கு வாய் அடைத்துவிடும். அதனால் அண்ணன் கேசட்டில் பேசி அனுப்ப ஆரம்பித்தான். கூடவே ஒரு சோப்பு வைப்பான். பார்சலைப் பிரித்தால் வீடு முழுக்க அந்த மணம். நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் கம்பெனி வேலை முடித்து வரும்போது, தெருவில் வரும்போதே கேசட் வந்திருப்பது தெரிந்துவிடும்.

போனதும் வந்ததும் ஒரே கேசட்தான். அண்ணன் பேசியதை நாலைந்து தடவை கேட்டுவிட்டு, அதன்மேலேயே அம்மா பேசி அனுப்புவாள். புதிது வாங்கலாம் என்றேன்.

"எதுக்கு?"

"அண்ணன் பேசினது அழிஞ்சுடுதேம்மா."

"கேட்டாச்சு இல்ல. பக்கத்து வூட்லேருந்து கொழம்பு வந்தா கிண்ணிய கழுவி, எதனா போட்டுத்தான குடுக்குறோம்? வெறுமனயா குடுப்பாங்க?"

அம்மா கேசட்டில் பேசுவதுதான் வேடிக்கை. "சாப்ட்டியாடா பெரியவனே?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும் அளவு நேரம் பேசாமல் இருப்பாள். பிறகு, "சரி, சரி" என்பாள். இரண்டு பக்கமும் நிறைய வேண்டும் அவளுக்கு. கடைசியில் நாடா கொஞ்சம் மிஞ்சினால் பெட்டியை என் பக்கம் தள்ளுவாள். "சின்னவனே, நீயும் ரெண்டு வார்த்த பேசுடா." நான் தொண்டையைச் செருமுவேன். செருமிவிட்டுப் பெட்டியை நிறுத்திவிடுவேன்.

"கிண்ணி நெறயாம அனுப்புறான் பாரு" என்று திட்டுவாள்.

ஒரு மாசி மாதம் கேசட்டை அனுப்பிய நான்காம் நாள், தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் வந்தது. அண்ணன் வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சு வலித்து விழுந்திருக்கிறான். அங்கேயே அடக்கம். நாங்கள் யாரும் போகவில்லை. போக வழியில்லை.

அம்மா அழுது ஓய்ந்த பிறகு கேட்ட முதல் கேள்வி, அவன் குரல் எங்கே என்பது. எங்கேயும் இல்லை. கழுவிவிட்டோம். நாங்கள் அனுப்பியது அவன் போன பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அண்ணி அதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். பிரித்தோம். சோப்பு மணம் இல்லை.

"வெறுமனயா வந்துடுச்சேடா" என்றாள் அம்மா.

பல மாதம் அது அலமாரியில் கிடந்தது. ஒரு மத்தியானம் அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். "நான் சொன்னத அவன் கேக்கவே இல்ல. நானாவது கேக்குறேன். போடு."

போட்டேன். இரண்டு பக்கமும் அம்மாதான். சாப்பிட்டாயா, இடைவெளி, சரி சரி. கடைசியில், "நீயும் ரெண்டு வார்த்த பேசுடா." என் செருமல். டக்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அண்ணன் பேசினான்.

நான் நிறுத்திய இடத்துக்கு அப்பால் அழியாமல் மிஞ்சியிருந்தது, அவன் அதற்கு முன் பேசி அனுப்பியதன் வால். "...அந்தப் பய ஒரு தபா கூட பேச மாட்டான். செருமுவான், அவ்ளோதான். பரவால்லம்மா, திட்டாத. அத கேட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும், நல்லாருக்கான்னு. வேற என்னா, மழ பேஞ்சு..." அங்கே நாடா முடிந்துவிட்டது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பேசாததே நல்லதாப் போச்சுடா" என்றாள். என்னை யாராவது அதற்காகப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

பிறகு தினமும் அந்த வாலை மட்டும் கேட்டாள். நாடா தேயத் தேய அண்ணன் தூரம் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் பெட்டி நாடாவை இழுத்து மென்றுவிட்டது. சுருக்கம் நீவிப் போட்டதில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஏதோ கேட்டது. அம்மாவுக்கு மட்டும் அது புரிந்தது. கூடவே வாயசைப்பாள். அவளும் போனாள். கடல்காற்றில் நாடா முழுக்க வெள்ளைப் பூசணம் படர்ந்தது. அண்ணன் சொன்ன சொற்கள் எனக்கு மனப்பாடம். குரல்தான் நினைவில் வர மறுக்கிறது.

"பேசுங்கண்ணே, ஓடிட்டிருக்குது" என்றார் சந்தைக் கடைக்காரர்.

வாயைத் திறந்தேன். செருமல்தான் வந்தது. அவர் பின்னால் ஓட்டிப் போட்டார். சந்தை இரைச்சல், அவர் குரல், அப்புறம் என் செருமல்.

"விழுந்திருக்குது பாருங்க" என்றார்.

விழுந்திருந்தது. அதைக் கேட்டு, நான் நன்றாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தேன்.