கோலமாய்ப் பதித்த கற்கள்

எங்கள் வீட்டில் புத்தகம் வாசித்தது என் கணவரின் வலதுகைச் சுட்டுவிரல். நாங்கள் இருவருமே சிறு வயதிலிருந்து பார்வையற்றவர்கள். எனக்கும் பிரெயில் தெரியும். ஆனால் அவர் வாசிக்க நான் கேட்பதுதான் வழக்கம். எங்கள் ஊரான அக்கராயனின் வயற்காற்று யன்னலால் வரும் பின்னேரங்களில் அவர் புள்ளிகளைத் தடவி உரக்க வாசிப்பார். நல்ல வசனம் ஒன்று அகப்பட்டால், விரலைத் திருப்பிக்கொண்டுபோய் இன்னொருமுறை தொடுவார். அந்த விரலுக்கு நேர்ந்ததற்காகத்தான் நான் பழிவாங்கினேன். அதை வேறு பெயரால் சொல்ல விருப்பமில்லை.

நாங்கள் பதிவு அலுவல்களுக்காகப் போய்வரும் அரச அலுவலகம் ஒன்றில், வாசலிலிருந்து, அலுவல் பார்க்கும் கருமபீடம் வரை பார்வையற்றோருக்கான மஞ்சள் கற்களைப் பதித்திருந்தார்கள். அந்தக் கற்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. நீளக் கோடுகள் காலில் பட்டால் நடக்கலாம். குமிழ்ப் புள்ளிகள் பட்டால் நிற்க வேண்டும். முன்னால் படியோ பள்ளமோ இருக்கிறது. அங்கோ இரண்டையும் மாறிமாறிப் பதித்திருந்தார்கள். விறாந்தை முடிந்து மூன்று படிகள் இறங்கும் விளிம்பில் மட்டும், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், அடுத்தடுத்து இரண்டு கோட்டுக் கற்கள். கையில் கோப்பு இருந்ததால் என் கணவர் பிரம்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கற்களை நம்பி நடந்தார். பிரம்பு சீமெந்தில் விழுந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது.

வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திய பின்பும் சுட்டுவிரலின் நுனி மரத்தே கிடந்தது. ஒருநாள் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெறும் கடதாசியாக் கிடக்குது" என்றார்.

கற்களைப் பதிக்கவைத்த தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போய் முறையிட்டேன்.

"அக்கா, ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கோடு... கோலம் மாதிரி வடிவாக் கிடக்குதெண்டு எல்லாரும் சொல்லீனம். ஐயாவுக்குத்தான் அவசரம் போல" என்று சிரித்தார். பக்கத்து மேசையிலும் சிரிப்புக் கேட்டது. நான் பிரம்பை விரித்துக்கொண்டு திரும்பினேன். பொறுமையை மன்னிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு.

இரண்டு மாதம் கழித்து அந்த உத்தியோகத்தரே தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கற்பாதைக்குத் திறப்புவிழாவாம். "நீங்கள்தான் அக்கா முதல் ஆளா நடக்கவேணும். படம் எடுக்கோணும்."

"ஓம் தம்பி, கட்டாயம் வாறன்."

நாடா வெட்டி முடிந்ததும் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள பொருளைச் சபைக்கு விளக்கினேன். பிறகு, "இதைச் செய்வித்த தம்பியே கண்ணைக் கட்டிக்கொண்டு என்னோட நடந்து காட்டினால் எல்லாருக்கும் நல்லா விளங்கும்" என்றேன். பிரதம விருந்தினர் கைதட்டினார். அதற்குமேல் தம்பிக்கு மறுக்க வழியில்லை. யாரோ தன் சால்வையை எடுத்து அவருடைய கண்களைக் கட்டினார்கள்.

அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது என்ன கல்லு, தம்பி?"

"கோடு."

"போங்கோ. இது?"

"புள்ளி."

"நில்லுங்கோ."

ஆறாவது தடவை நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெண், "உதென்ன, மினிபஸ்ஸே? ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நிக்குது" என்றாள். சிரிப்புப் பரவியது. என் பிடிக்குள் அவர் முழங்கை வியர்த்தது. எனக்கு அது இதமாக இருந்தது.

விளிம்புக்கு வந்தோம். அவர் செருப்பைத் தேய்த்துப் பார்த்து, "கோடு" என்றார்.

"கோடெண்டால் உங்கட கல்லு என்ன சொல்லுது?"

ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தேன்.

"போகச் சொல்லுது."

"அப்ப போங்கோ."

அவர் அசையவில்லை. படி எங்கே என்று அவருக்குத் தெரியும்.

"ஏன் நிக்கிறியள்? ஐயாவும் உதிலதான் போனவர்."

"விழுந்திடுவன், அக்கா" என்றது ஒலிபெருக்கி.

தள்ளுவதற்கு ஒரு விரல் போதும். அந்த எண்ணத்தை அவசரப்படாமல் அனுபவித்தேன். பிறகு அவரைப் பின்னால் இழுத்தேன். விழுந்திருந்தால் சனம் அவர்மேல் இரங்கியிருக்கும்; அந்த இரக்கத்தை அவருக்குப் பெற்றுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கற்களைக் கிளப்பிச் சரியாகப் பதிக்கும்படி பிரதம விருந்தினர் அந்த இடத்திலேயே உத்தரவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் இடதுகை விரலால் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு வரியைக் கடக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. படி விளிம்பில் அவர் நின்றது வரை நடந்ததைச் சொன்னேன்.

"கடைசியில நீர் பிடிச்சனீரோ, விட்டனீரோ?"

"பிடிச்சனான்."

கடதாசியில் ஊர்ந்துகொண்டிருந்த விரல் நின்றது.

"விட்டிருக்கலாம்" என்றார்.