மாமா இருந்த அக்காயா

அக்காயா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இரண்டாம் வாசகத்தின் நடுவே. அடுத்ததாகப் பார்த்தது ஒரு கடித உறையின் பின்பக்கத்தில். அப்போது எனக்குப் பத்து வயது. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நான்கு பேர் இருந்தோம். ஐந்தாவது ஆள் அத்தையின் கணவர். அவர் கப்பலில் இருந்தார்.

மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்துக்கு நான்கைந்து கடிதம் வரும். அனுப்புநர் இடத்தில் கப்பலின் பெயரும் மும்பை ஏஜெண்டின் முகவரியும் இருக்கும். நாங்கள் எழுதும் பதில் ஏஜெண்டிடம் போய், அங்கிருந்து கப்பலைத் துரத்திக்கொண்டு போகும். கப்பல்காரர்களின் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடலில் இருப்பவனுக்குக் கதவு எண் கிடையாது.

அந்த முறை பதினோரு மாதம் கடிதமே இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் அத்தை வாசலுக்கு வரமாட்டாள். உள்ளே உட்கார்ந்து துணி மடிப்பாள். மடித்ததையே உதறி மறுபடியும் மடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, இடையில் வேறொரு பெயரையும் சுமந்து, கடைசியில் கடலூர் மாவட்டம் என்று நிலைத்திருந்த சமயம் அது. அதற்குப் பிறகு வந்த உறையில் மாமா பழையபடி தென்னாற்காடு என்றே எழுதியிருந்தார். தபால்காரர் அதை உயர்த்திக் காட்டினார்.

“இன்னாம்மா, அந்த ஜில்லாவே காணாமப் போயி எத்தினி வருசமாவுது! உங்க வூட்டுக்காரருக்கு இன்னும் சேதி போவலியா?”

அத்தை சிரிக்கவில்லை. உறையைத் திருப்பிப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கப்பலின் பெயர் இல்லை. ஏஜெண்டும் இல்லை. ஒரு கதவு எண், ஒரு தெரு, வாயில் நுழையாத ஒரு சின்ன ஊர், அதன் கீழே அக்காயா, அதற்கும் கீழே கிரீஸ். எல்லாம் ஆங்கில எழுத்தில். உள்ளே நான்கே வரிகள். சுகமாக இருக்கிறேன், வேலை மாறியிருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள், எல்லோரையும் கேட்டதாகச் சொல். எப்போது வருகிறார் என்று எழுதவில்லை.

“மச்சான் கப்பல் அங்க ரிப்பேருக்கு நிக்குதுபோல” என்றார் அப்பா. அவர் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. ஆனால் கப்பல் விஷயங்களில் தயங்காமல் பேசுவார்.

பூசையில் கேட்ட பெயர்தான் இது என்று கண்டுபிடித்தவள் நான். பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை. வீட்டு வேதப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒரு வரைபடம் உண்டு. அப்போஸ்தலர்கள் போன வழிகளைச் சிவப்புக் கோட்டால் காட்டியிருப்பார்கள். அதில் கிரேக்கத்தின் தெற்குப் பாதி முழுக்கப் பச்சை. ஒரு கடலிலிருந்து மறு கடல் வரை எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பி அக்காயா என்று போட்டிருந்தது. மறைக்கல்வி வகுப்பில் பரிசு வாங்கியவள் என்ற தோரணையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அத்தையிடம் நீட்டினேன்.

“அது ஊரு இல்ல அத்த, பெரிய நாடு. பாதி தேசம் அதான்.”

அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. “பாத்தியா, மச்சான் ஒரு நாட்டையே சுத்திக்கினு இருக்காரு. நமக்கு இங்கருந்து திட்டக்குடி போயி வரவே ஒரு நாளாவுது.”

அத்தை பச்சை நிறத்தின் மேல் விரலை வைத்திருந்தாள். “அது நாடுன்னா, அதுக்குக் கீழ எதுக்குடி கிரீஸுன்னு இன்னொரு நாடு?”

அந்த வரைபடம் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய காலத்தைக் காட்டுகிறது என்பது எனக்கோ அப்பாவுக்கோ தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை, சிநேகிதியைப் பார்த்து நாளாகிவிட்டது என்று சொல்லி அத்தை சிதம்பரம் கிளம்பினாள். துணைக்கு நான். குடிகாட்டில் தொழிற்பேட்டை ஆட்கள் இறங்கியதும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அத்தையோடு கல்லூரியில் படித்த அந்தச் சிநேகிதி பள்ளியில் வரலாற்று ஆசிரியை. வீடு கீழவீதியில். நாங்கள் போனபோது கோவிலில் உச்சிகால மணி அடித்துக்கொண்டிருந்தது. அத்தை உறையைக் காட்டி, நான் கண்டுபிடித்த வரைபடத்தைப் பற்றியும் சொன்னாள். அவர் மணி ஓயும்வரை காத்திருந்து, பிறகு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

“மொதல்ல அது ஒரு ஜனத்தோட பேருடி. அந்தப் பேருக்கு அர்த்தம் யாருக்கும் உறுதியாத் தெரியல. ரொம்பப் பழைய காலத்துல கிரேக்கக்காரங்க எல்லாரையுமே அப்படித்தான் சொல்லியிருக்காங்க. அப்புறம் சுருங்கி, தெக்குப் பாதியிலயே வடக்கால கடலோரமா ஒரு சின்னத் துண்டுக்குப் பேராச்சு. ரோமாபுரிக்காரன் வந்து தெக்குப் பாதி முழுசுக்கும் அதையே வெச்சிட்டான். உம் மருமவ பாத்தது அந்தக் கணக்கு. இப்ப மறுபடி சின்னதாயிடுச்சு.” சிநேகிதி சிரித்தார். “நம்ம தென்னாற்காடு மாதிரிதான்னு வெச்சுக்கயேன். ஆற்காடு எங்க கெடக்குது, நாம எங்க கெடக்குறோம்?”

அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “இப்ப அது இன்னா, ஜில்லாவா?”

“ஆமா, ஜில்லா மாதிரிதான்.”

சிநேகிதி காப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆடை கட்டும்வரை அத்தை எடுக்கவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “கப்பல்ல இருக்கறவன் ஜில்லா பேரு எழுதமாட்டான்டி.”

சிநேகிதி புத்தகத்தை மூடிவிட்டு அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தை சொன்னது எனக்கு மாமாவுக்குக் கிடைத்த பாராட்டாகத் தோன்றியது. கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று ஒன்றும் விடாமல் முகவரி எழுத வேண்டும் என்று எங்கள் வகுப்பிலும் அப்போதுதான் கடிதப் பாடம் நடத்தியிருந்தார்கள்.

திரும்பும் பேருந்தில் அத்தை என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“வூட்டுல யாரு கேட்டாலும் நீ மொதல்ல சொன்னியே, அதையே சொல்லு. பெரிய நாடு.”

புத்தகமே மறுத்த பிறகும் என் பதில் வென்றதில் எனக்குப் பெருமை. பூசை முடிந்து யாராவது மாமாவைப் பற்றி விசாரித்தால் அக்காயாவில் இருக்கிறார், அது இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரைக்கும் என்று கையை விரித்துக் காட்டுவேன். அப்போதெல்லாம் அத்தை என் பின்னால் நின்று முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். அந்த ஊரைக் கைபேசியில் இப்போது தேடினால் சட்டென்று வந்துவிடுகிறது. இரண்டு விரலால் பெரிதாக்கினால் தெருகூடத் தெரிகிறது. எட்டுப் பத்து வீடுகள், எலுமிச்சை மரங்கள், கொடியில் காயும் துணிகள்.

சிதம்பரம் போய்வந்த அந்த வாரமே அத்தை பதில் எழுதினாள். மும்பை வழியாக அல்ல, நேராக அந்தக் கதவு எண்ணுக்கு. எழுதியதை மறைக்கவில்லை, நானும் படித்தேன். இரண்டே வரிகள்தான் இருந்தன.

“நம்ம மாவட்டத்துக்கு இப்ப கடலூர்னு பேரு. வீடு அதே வீடுதான்.”

வெளிநாட்டுத் தபாலில் முக்கால் தாளை வெறுமனே விடுவது எனக்கு வீணாகப் பட்டது. நான் வாங்கிய பரிசைப் பற்றி எழுதலாமே என்றேன். போதும் என்றாள். படமாவது போடவா என்றேன். தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

வெற்றிடத்தில் புது மாவட்டத்தை வரைந்தேன். கடலுக்கு நீலம், நிலத்துக்குப் பச்சை. கெடிலம் ஆற்றை வளைத்து, திருவந்திபுரத்தைக் குறித்து, பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் சிவப்புக் கோடு இழுத்து, வீட்டின் மேல் ஒரு சிலுவைக்குறி போட்டேன். அத்தை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு அப்படியே மடித்து ஒட்டினாள். நான்தான் ஓடிப் போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

மாமா வராமல் இருப்பது வழி தெரியாததால்தான் என்று அன்று நான் நம்பியிருந்தேன்.